வேட்பாளரைத் தேடாதீர்கள், முதலில் சேரியைக் கூட்டுங்கள்

உள்ளாட்சித் தேர்தல் என்ற பேச்சு கிளம்பினாலே என் கைப்பேசிக்கு ஓய்வு இருக்காது. போன வாரமும் ஒரு தம்பி அழைத்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன்.

"அண்ணே, எங்க ஊராட்சி இந்த முறை நமக்கு ஒதுக்கீடு ஆகும்னு பேசிக்கிறாங்க. கட்சி எதுவும் வேணாம், சுயேச்சையா ஒரு நல்ல ஆள நிறுத்தலாம்னு பசங்க எல்லாம் முடிவு பண்ணிருக்கோம். யார நிறுத்தலாம்னு நீங்களே சொல்லுங்க."

"பசங்கன்னா எத்தன பேரு?"

"ஏழெட்டுப் பேருண்ணே."

"காலனியில எத்தன வீடு?"

"நூத்தி இருபது இருக்கும்."

"அந்த நூத்தி இருபது வீட்ல யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

மறுமுனையில் சத்தமே இல்லை.

அந்தத் தம்பிக்கும், அவனைப் போல ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சுயேச்சை என்றாலே "வாக்கைப் பிரிக்க வந்தவன்" என்று முத்திரை குத்தும் கட்சிக்காரர்கள் மீது ஒரு கோபம். நல்ல மனிதர் ஒருவரைக் கண்டுபிடித்துச் சுவரில் படம் ஒட்டிவிட்டால் அரசியல் மாறிவிடும் என்று நம்பும் நம் பிள்ளைகள் மீது இன்னொரு கோபம். இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போகிறார்கள்: வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

புரட்சியாளர் அம்பேத்கரின் தேர்தல் அரசியல் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. 1932-இல் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியைக் கொடுத்தது. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். தனி வாக்காளர் தொகுதி போனது. அதற்குப் பதிலாக மாகாண சட்டசபைகளில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. இதுவரை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அதுதான் முதல்நிலைத் தேர்தல். ஒவ்வொரு ஒதுக்கீட்டு இடத்திலும் முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரைத்தான் பிறகு எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். கடைசி முடிவு நம் கையில் இல்லாமல் போனாலும், களத்தில் நிற்பது யார் என்ற முதல் முடிவாவது நம் கையில் இருக்கட்டும் என்று அம்பேத்கர் மீட்டெடுத்த மிச்சம் அது. பத்தாண்டுகள்தான் அதற்கு ஆயுள் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

அந்த மிச்சமும் போதவில்லை என்பது 1945-46 தேர்தலில் தெரிந்தது. முதல்நிலைத் தேர்தலில் முந்தி வந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வேட்பாளர்கள், எல்லோரும் வாக்களித்த இறுதித் தேர்தலில் காங்கிரசின் பட்டியல் சாதி வேட்பாளர்களிடம் தோற்றார்கள். நம் மக்கள் வேண்டும் என்று சொன்னவரைப் பிறர் வேண்டாம் என்று சொல்லிவிட முடிந்தது. அம்பேத்கர் இதையே சான்றாக எடுத்து வைத்து வாதாடினார். குடியரசு பிறந்தபோது ஒதுக்கீட்டுத் தொகுதி மிஞ்சியது, முதல்நிலைத் தேர்தல் மிஞ்சவில்லை. அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவரே 1952-இல் வட பம்பாயில் தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார்.

இன்றைய தமிழ்நாட்டுக்கு வாருங்கள். சட்டமன்றத்தில் 44 தனித்தொகுதிகள், மக்களவைக்கு 7. இந்த 51 இடங்களுக்கும் நிற்பவர்கள் நம்மவர்கள்தான். அவர்களை நிறுத்துவது யார்? கட்சித் தலைமையகத்தில் விருப்ப மனு, நேர்காணல், மாவட்டச் செயலாளரின் பரிந்துரை. எந்தச் சேரியிலாவது மக்களைக் கூட்டி "இவரை நிறுத்தலாமா?" என்று ஒரு கட்சி கேட்டதை நான் பார்த்ததில்லை. நிறுத்தியவருக்குத்தான் வென்றவர் பதில் சொல்வார். அதனால்தான் ஆணவக்கொலை நடந்த ஊருக்கு அந்தத் தொகுதியின் நம் உறுப்பினர் வருவதற்கு முன் மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. பூனா ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டில், 1982-இல், கன்ஷிராம் 'சம்ச்சா யுகம்' என்ற நூலை எழுதினார். கூட்டு வாக்காளர் தொகுதி நம்மவர்களைப் பிறருடைய கையாட்களாக ஆக்குகிறது என்பதுதான் அந்த நூலின் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டு இன்னும் பழசாகவில்லை.

சரி, கட்சி வேண்டாம், சுயேச்சையாக நிற்போம் என்கிறீர்கள். சுயேச்சையிலும் இரண்டு வகை உண்டு தோழர்களே.

1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். பெரும்பாலோர் தங்கள் கோரிக்கைகளை அரசு கண்டுகொள்ளவில்லை என்ற கோபத்தில் மனுப் போட்ட விவசாயிகள். வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது. நாடே திரும்பிப் பார்த்தது. முடிவு என்ன? வழக்கம்போல ஒரு பெரிய கட்சி வேட்பாளர் வென்றார். வேட்பாளர்களில் பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை, அதாவது அவர்களே தமக்கு வாக்களித்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் 5,000 ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. இன்று டெபாசிட் 10,000, நமக்கு 5,000. அந்த விவசாயிகளின் கோபம் நியாயமானது. ஆனால் ஆயிரம் பேர் தனித்தனியாக நின்றதால் அது எண்ணிக்கையாக முடிந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்று வாக்குக் கேட்க ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

இன்னொரு வகைக்கு குஜராத்தைப் பாருங்கள். 2016 ஜூலையில் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். ஆகஸ்டில் அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு ஒரு நடைப்பயணம் கிளம்பியது. செத்த மாட்டை இனி தூக்கமாட்டோம் என்று ஊர் ஊராக உறுதிமொழி எடுத்தார்கள், நிலம் கேட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் வட்காம் தனித்தொகுதியில் ஜிக்னேஷ் மேவானி சுயேச்சையாக நின்றார். சின்னம் தையல் இயந்திரம். செலவுக்கு மக்களிடம் நிதி திரட்டினார்கள். காங்கிரஸ் அங்கே வேட்பாளரை நிறுத்தவில்லை. இஸ்லாமியர்களின் வாக்கும் தலித்துகளின் வாக்கும் ஒரே பக்கம் சேர்ந்தன. பா.ஜ.க.வை 19,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் எடுக்கிறேன். ஒன்று, நடைப்பயணம் முதலில் வந்தது, வேட்புமனு பிறகு வந்தது. தெருவில் பலம் இருந்ததால்தான் ஒரு தேசியக் கட்சி இடத்தை விட்டுக்கொடுத்தது. சுயேச்சை என்றால் எல்லோரிடமிருந்தும் விலகித் தனியாக நிற்பது என்று பொருளில்லை. பேரம் பேசும்போது யார் கையில் பிடி இருக்கிறது என்பதுதான் விஷயம். இரண்டாவது பாடம் கசப்பானது. சுயேச்சையாக வென்றவர் பதவிக் காலத்தில் ஒரு கட்சியில் சேர்ந்தால் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி போய்விடும். மேவானி 2021-இல் காங்கிரசுக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தார். 2022-இல் கை சின்னத்திலேயே நின்று வென்றார். அது சரியான முடிவாகவே இருக்கலாம். எனக்கு அவர் மீது மரியாதை உண்டு. என் கேள்வி ஒன்றுதான்: தையல் இயந்திரத்துக்கு வாக்களித்த மக்கள் கூடி, விவாதித்து, "சரி, கைக்குப் போ" என்று சொல்வதற்கு ஓர் அமைப்பு இருந்ததா? இல்லையென்றால் எவ்வளவு நல்ல மனிதரானாலும் முடிவு அவருடையதுதான், மக்களுடையது அல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. சட்டப்படி அங்கே எல்லோரும் சுயேச்சைதான். 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்புமனுவுக்கு நாம் கட்டிய டெபாசிட் 300 ரூபாய். சேரி தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுக்க இதைவிட எளிய இடம் வேறு எங்கே இருக்கிறது?

நாம் புரிந்துகொள்ளாத இதை ஆதிக்க சாதியினர் எப்போதோ புரிந்துகொண்டார்கள். மேலவளவில் முருகேசன் தலைவராக வென்றார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஊர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் சேரி நிறுத்திய ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததற்குத்தான் அந்தத் தண்டனை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் தனி ஊராட்சிகளாயின. பத்தாண்டுகள் அங்கே தேர்தலை நடத்தவிடவில்லை. இல்லையென்றால் தங்கள் ஆளையே நிறுத்தி, வெல்ல வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-இல்தான் அந்த நாற்காலிகளில் தலைவர்கள் நிலைத்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கும் சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுகிறார்கள். ஏலம் என்பது என்ன? "வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது நாங்கள்தான்" என்று ஊர் செய்யும் அறிவிப்பு. அவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் கூடுவதே இல்லை.

என் சொந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தேர்தலில் எங்கள் காலனியிலிருந்தே மூன்று பேர் நின்றார்கள். ஒருவருக்கு ஊரிலிருந்து டெபாசிட் கட்டியவர் ஒரு நிலக்கிழார். இன்னொருவருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர் அவருடைய பங்காளி. மூன்றாவது ஆள் கோபத்தில் தானாக நின்றார். மூவரும் எனக்குச் சித்தப்பா முறை. முடிவு வந்தபோது மூன்று பேர் வாக்கையும் கூட்டினால் வென்றவரைவிட அதிகம். வாக்கைப் பிரித்தது யார்? சுயேச்சையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி ஒருவரை முடிவு செய்ய முடியாத நாங்கள்தான் பிரித்தோம்.

ஆகவே நான் சொல்வது இது. பூனா ஒப்பந்தத்தோடு செத்துப்போன முதல்நிலைத் தேர்தலை நாமே நடத்துவோம். அரசு நடத்த வேண்டியதில்லை, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதலில் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் பெயர் இருக்கிறதா, பதினெட்டு வயதான பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டவர்களுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள், இன்றே தொடங்குங்கள். இந்த வேலையிலேயே காலனியில் யாருக்கு என்ன பிரச்சினை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு கூட்டம். வீட்டுக்கு ஒரு ஆண் என்ற பஞ்சாயத்துக் கூட்டம் வேண்டாம். பெண்கள் வரக்கூடிய நேரத்தில், நூறு நாள் வேலையும் சமையலும் முடிந்த பிறகு கூட்டுங்கள். ஆளைப் பற்றிப் பேசாதீர்கள், கோரிக்கையைப் பற்றிப் பேசுங்கள். வீட்டுமனைப் பட்டாவா, சுடுகாட்டுப் பாதையா, குடிநீர்த் தொட்டியா, பஞ்சமி நிலமா? ஐந்து கோரிக்கை எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, நிற்க விரும்பும் எல்லோரும் பெயர் கொடுக்கட்டும். ஒரு பெட்டி வையுங்கள். ரகசிய வாக்கெடுப்பு. கை தூக்கச் சொன்னால் மாமனாருக்கு முன் மருமகள் கை தூக்கமாட்டாள். கடன் கொடுத்தவருக்கு முன் கடன்பட்டவர் தூக்கமாட்டார். பெட்டியில் தோற்றவர்கள் வென்றவருக்காக முதல் ஆளாக வாக்குக் கேட்டுப் போக வேண்டும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெட்டியில் வென்றவர் இன்னொரு தாளில் கையெழுத்திட வேண்டும்: ஐந்து கோரிக்கை, யாரிடமும் காசு வாங்கமாட்டேன், ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்தின நாள் மாலை காலனியில் கணக்கு வைப்பேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

தலைவர் பதவியோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகள் அடிக்கடி விழும் குழி இது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். வார்டுகளை ஊரிடம் விட்டுவிட்டுத் தலைவர் நாற்காலியை மட்டும் பிடித்தால், கையெழுத்துப் போடாமலே நம் தலைவரை ஐந்து வருடம் உட்கார வைப்பார்கள். நாற்காலியில்கூட உட்கார வைக்காமலும் இருப்பார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஒரு பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். அந்தப் படத்தைப் பகிர்ந்து கண்ணீர் விட்டது போதும். ஒவ்வொரு வார்டுக்கும் ஆள் நிறுத்துங்கள்.

நாம் மட்டும் வாக்களித்தால் வெல்ல முடியுமா? பெரும்பாலான இடங்களில் முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. 1946 சொன்ன பாடமும் அதுதான்: முதல் முடிவை நாம் எடுத்தால் மட்டும் போதாது, இரண்டாவது சுற்றில் நம்மோடு நிற்க ஆள் வேண்டும். எனவே அந்த ஐந்து கோரிக்கைகளில் குடிநீரும் நூறு நாள் கூலியும் இருந்தால், இருளர் குடியிருப்புக்கும் ஊர்த்தெருவில் உள்ள நிலமில்லாத வீடுகளுக்கும் போய்ப் பேசுங்கள். கெஞ்சப் போகாதீர்கள். கோரிக்கையோடு போங்கள். சிலர் கதவைச் சாத்துவார்கள், சிலர் இரவில் வந்து பேசுவார்கள்.

மிரட்டல் வரும். அதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தைப் படியுங்கள். நம்மை வாக்களிக்க விடாமல் தடுப்பதும், மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டுவதும், ஊராட்சித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதும் அதில் குற்றம். நிலம் உள்ள வீட்டில் கூலி வேலை செய்பவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டால் ஒரு மாதம் அரிசிக்கு என்ன வழி என்பதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். கூட்டம் இல்லாமல் ஒரு தனி ஆளைக் களத்தில் தள்ளிவிட்டு, ரத்தம் சிந்திய பிறகு நினைவஞ்சலி போஸ்டர் அடிப்பது அரசியல் அல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரும். "இந்த நேரத்தில் வாக்கைப் பிரித்தால் சங்கிகளுக்குத்தானே லாபம்?" மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இது நியாயமான கேள்வி. அங்கே எப்போது தனியாக நிற்பது, எப்போது கூட்டணியில் நிற்பது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கூட்டணியிலும்கூடச் சொந்தச் சின்னம் எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியும். 2001-இல் மங்களூரில் உதயசூரியனில் நின்று வென்ற தொல். திருமாவளவன், 2004-இல் அந்தப் பதவியையே துறந்தார். 2019-இல் சிதம்பரத்தில் பானையில் நின்று 3,219 வாக்குகளில் வென்றார். ஆனால் கட்சிச் சின்னமே இல்லாத ஊராட்சியில் இந்தக் கேள்விக்கு என்ன இடம்? வார்டு உறுப்பினர் தேர்தலில் எந்தக் கூட்டணி உடைகிறது? ஊராட்சியிலும் நாங்கள் சொல்லும் ஆளைத்தான் நிறுத்த வேண்டும் என்று ஒன்றியச் செயலாளர் சொன்னால், அவருடைய கவலை பாசிசம் பற்றியது அல்ல, ஒப்பந்த வேலை பற்றியது.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் செய்தும் தோற்கலாம். ஆனால் பட்டியல் கையில் இருக்கும். நூற்றி இருபது வீட்டின் கோரிக்கை எழுத்தில் இருக்கும். ஒரு முறை பெட்டியில் வாக்குப் போட்டுத் தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுத்த அம்மா, அடுத்த தேர்தலில் கவர் கொண்டு வருகிறவனிடம் வேறு மாதிரிப் பேசுவாள். அந்தக் கூட்டம் கிராம சபைக்குப் போகும், தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும். வெறும் வேட்பாளரை வைத்துத் தோற்றால் அடுத்த நாள் காலையில் சுவரில் ஒரு படம்தான் மிச்சம்.

அந்தத் தம்பியிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "பேர் சொல்ல மாட்டேன்டா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூட்டு. உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா. நான் வந்து பின்னாடி உக்காந்துக்கிறேன்."

வருவதாகச் சொல்லியிருக்கிறான். நீங்களும் உங்கள் ஊரில் கூட்டுங்கள்.

ஜெய்பீம்.